அல்ஜியர்ஸ் போனால் ஹம்மா தோட்டத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

அல்ஜீரியாவுக்கு வேலைக்கு வரும் நம் ஆட்களில் பலர் விமான நிலையம், பாலைவனத்துத் தள முகாம், மறுபடி விமான நிலையம் என்று தலைநகரையே பார்க்காமல் ஊர் திரும்பிவிடுகிறார்கள். முதலில் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அல்ஜியர்ஸில் ஒரே ஒரு விடுமுறை நாள் கையில் கிடைத்தாலும் அதை ஹம்மா தாவரவியல் பூங்காவுக்குக் கொடுங்கள். ஊரில் அதை 'ஜார்தான் தெஸ்ஸே' என்பார்கள். டாக்சிக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும்.

டாக்சியே தேவையில்லை என்பது வேறு விஷயம். கிராண்ட் போஸ்ட் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் அங்கிருந்து ஐந்தாவது நிறுத்தத்துக்கே 'ஜார்தான் தெஸ்ஸே' என்றுதான் பெயர். 2011-ல் ஓடத் தொடங்கிய மெட்ரோ அது, சுத்தமாக இருக்கும். நுழைவுக் கட்டணமும் நம் பையைக் கடிக்காது.

நான் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். காலையில் கூட்டமே இல்லை. என்னுடன் வேலை பார்க்கும் கபிலியாப் பகுதி நண்பர் ஒருவர் துணைக்கு வந்தார். எனக்குப் பிரெஞ்சு அரைகுறை, அரபு அதற்கும் கீழே. அவர் இல்லாவிட்டால் நான் கேட்ட கதைகளில் பாதி எனக்கு எட்டியிருக்காது.

முதலில் போனது பிளாட்டன் மரச் சாலைக்கு. 1845-ல் போட்ட சாலை அது. இரண்டு பக்கமும் பட்டை உரிந்த வெளிர் நிற மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. கொஞ்சம் தள்ளி 1847-ல் போட்ட பனைச் சாலை. இந்த வருடங்களைச் சும்மா சொல்லவில்லை. பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது 1830-ல். இரண்டே வருடத்தில், 1832-ல், மலைக்கும் கடலுக்கும் நடுவில் சதுப்பாகக் கிடந்த இந்த நிலத்தை வடித்துச் செடி வளர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அழகுக்காக அல்ல. இந்த மண்ணில் எதைப் பயிரிட்டால் பணம் வரும் என்று பார்ப்பதற்காக. பருத்தி, பட்டுப்புழுவுக்கு மல்பெரி, சிவப்புச் சாயம் தரும் பூச்சிக்குக் கள்ளி, வாழை, மூங்கில் என்று எதையெல்லாமோ நட்டுப் பார்த்தார்கள். தேறியதன் கன்றுகள் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குப் போயின. அவர்கள் உழுத நிலத்தில் பெரும்பகுதி அல்ஜீரியர்களிடமிருந்து பறித்தது. 1850-களில் இங்கே தீக்கோழியை அடைத்து வளர்த்துக் குஞ்சு பொரிக்கவும் வைத்தார்களாம். இறகு வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

இதைத் தெரிந்துகொண்டு உள்ளே நடந்தால் தோட்டம் வேறு மாதிரித் தெரியும். ஒவ்வொரு மரத்தையும் இங்கே யாரோ ஒரு கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப் போட்டவர்கள் அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962-ல் கப்பலேறிப் போய்விட்டார்கள். இன்று அந்த நிழல் முழுக்க இந்தப் பேட்டையின் குடும்பங்களுக்குத்தான். என்னை அங்கே கட்டிப்போட்டது இந்த விஷயம்.

பேட்டை என்றேன் அல்லவா, அதன் பழைய பெயர் பெல்கூர். இப்போது முகமது பெலூயிஸ்தாத். பிரான்ஸுக்கு எதிராக 1947-ல் அமைந்த ரகசியப் படைப்பிரிவின் முதல் தலைவர் அவர். இதே பேட்டையில் பிறந்து, விடுதலையைப் பார்க்காமல் 1952-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். எழுத்தாளர் ஆல்பெர் காம்யு சிறுவனாக வளர்ந்ததும் இங்கேதான்.

அத்தி இன மரங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். நம் ஆலமரத்துக்கு உறவுக்கார மரங்கள் அவை. வேர்கள் தரைக்கு மேலே இடுப்பு உயரத்துக்குப் பலகை பலகையாக எழும்பி நிற்கும். பெரியவர் அந்த வேர் ஒன்றில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நண்பர் அவரை 'அம்மி' என்று கூப்பிட்டார், சித்தப்பா முறை. நான் இந்தியா என்றதும் பேப்பரை மடித்துவிட்டு இடம் கொடுத்தார்.

அவர் பெல்கூர்க்காரர். 1960 டிசம்பர் 11 அன்று விடுதலை கேட்டு இந்தப் பேட்டையிலிருந்து கிளம்பிய ஊர்வலத்தை ஜன்னல் வழியாகப் பார்த்த சிறுவன். வெளியே விட மாட்டேன் என்று அம்மா கதவைத் தாழ் போட்டுவிட்டாராம். அந்த அம்மாவே முதல் நாள் இரவு பக்கத்து வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து, கிடைத்த பச்சைத் துணியையும் வெள்ளைத் துணியையும் வெட்டிக் கொடி தைத்தவர். சுட்டார்கள், நிறையப் பேர் செத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு 'அல்ஜீரியா பிரான்ஸுடையது' என்று எவராலும் நம்பிச் சொல்ல முடியவில்லை என்றார். சொல்லும்போது குரல் ஏறவே இல்லை. அந்த நாட்டில் நான் வரலாறு கேட்டது புத்தகத்திலிருந்து அல்ல, இப்படி மரத்தடியில்தான்.

உள்நாட்டுப் போர் நடந்த 90-களைப் பற்றி நண்பர் மெதுவாகக் கேட்டார். பெரியவர் கையை மட்டும் அசைத்தார். அந்த வருடங்களில் சாயங்காலம் ஆனால் யாரும் வெளியே வர மாட்டார்கள் என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு தோட்டம் சீரமைப்புக்காகப் பல வருடம் மூடிக் கிடந்து 2009-ல் திறந்தது. திறந்ததும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்ததை மட்டும் முகம் மலர விவரமாகச் சொன்னார்.

அப்புறம் டிராகன் மரங்கள். கேனரித் தீவுகளைச் சேர்ந்தவை. குடையைத் திருப்பிப் பிடித்தது போல மேலே கிளைகள் நெருக்கமாக விரிந்திருக்கும், பட்டையைக் கீறினால் சிவப்புப் பிசின் வரும். அங்கே வேலை செய்துகொண்டிருந்த தோட்டக்காரர் ஒருவர் நாங்கள் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு கையுறையைக் கழற்றிவிட்டு வந்தார். இந்த மரத்தை வெட்டினாலும் உள்ளே ஆண்டு வளையம் இருக்காதாம். வயது எப்படித் தெரியும்? தண்டு நேராக வளர்ந்து ஒரு முறை பூக்கும், பூத்த இடத்தில் கிளை பிரியும். மறுபடி பல வருடம் கழித்துப் பூக்கும், மறுபடி பிரியும். அடியிலிருந்து நுனிவரை எத்தனை முறை பிரிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் வயதைக் குத்துமதிப்பாகச் சொல்ல முடியும். விரலால் ஒவ்வொரு கவட்டையாகக் காட்டி எண்ணினார். தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமை அந்த முகத்தில். நான் போன தோட்டங்களில் காசு கொடுத்து அமர்த்திய எந்த வழிகாட்டியும் இவ்வளவு தெளிவாக எனக்கு எதையும் விளக்கியதில்லை. ஏதாவது கொடுக்கலாம் என்று பையில் கை விட்டேன், வேண்டாம் என்று நெஞ்சில் கை வைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தோட்டம் அப்படியே மாறிவிடும். தள்ளுவண்டியில் குழந்தை, கையில் காபி பிளாஸ்க், பின்னால் பாட்டி என்று குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். என் முகத்தைப் பார்த்ததுமே சில பெண்கள் சிரித்துக்கொண்டு 'ஜானிடூ!' என்றார்கள். 1970-களில் சசி கபூர் நடித்த ஓர் இந்திப் படத்துக்கு அல்ஜீரியர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. அந்தப் படத்தின் பாட்டு அங்கே வீட்டுக்கு வீடு தெரியும், இந்தியர் யாரைப் பார்த்தாலும் பாட வைப்பார்கள். எனக்கு இந்திப் பாட்டு வராது, நான் தென்கோடியைச் சேர்ந்தவன், எங்கள் மொழி வேறு என்று நண்பர் மூலம் சொன்னேன். அப்படியா, அப்போது உங்கள் மொழியில் பாடுங்கள் என்று ஒரு பாட்டி உட்கார்ந்துவிட்டார். பாடினேன். ஒரு தட்டு நிறைய பேரீச்சம்பழ மக்ரூத் என்ற இனிப்பு கையில் வந்தது. குடும்பங்களைப் படம் எடுக்கும் முன் மட்டும் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் மரியாதை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் தப்பு. பேட்டைக்குள் கொஞ்சம் நடந்தால் கரந்திதா கிடைக்கும். கடலைமாவைக் கரைத்துப் பெரிய தட்டில் அடுப்பில் வேகவைத்து, சூடாக வெட்டி, சீரகத்தூள் தூவி, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். ஹரிசா காரம் தடவச் சொல்லுங்கள், நம் நாக்குக்கு அப்போதுதான் எடுபடும்.

தோட்டத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் பாணிப் பகுதியில் எல்லாமே நேர்கோடு: புல்வெளி, குளம், நீரூற்று, வரிசையாகப் பனைகள், கடைசியில் கடல். ஆங்கிலப் பாணிப் பகுதியில் வளைந்து வளைந்து போகும் பாதைகள், தாமரைக் குளம், தொங்கும் வேர்கள், பட்டப்பகலில் இருட்டு. 'டார்சான் மரம்' என்று ஊரார் காட்டும் மரம் இங்கேதான் இருக்கிறது. 1930-களின் டார்சான் படத்துக் காட்சிகளை இங்கே எடுத்தார்கள் என்று எல்லோருமே அடித்துச் சொல்கிறார்கள், குழந்தைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது. உள்ளே ஒரு சின்ன மிருகக்காட்சிசாலையும் உண்டு, 1900-ல் வந்தது. குழந்தைகள் கூட இருந்தால் தவிர, அந்த நேரத்தையும் மரங்களுக்கே கொடுக்கலாம்.

வெயில் தாழ்ந்ததும் மேலே நுண்கலை அருங்காட்சியகத்தின் முன்தளத்துக்கு ஏறிப் பாருங்கள். முழுத் தோட்டமும் காலடியில் விரிந்து கடலில் போய் முடியும். 1541 அக்டோபரில் ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்ல்ஸ் பேரரசரின் படை இந்தப் பக்கத்துக் கடற்கரையில்தான் இறங்கியது. புயல் வந்து கப்பல்களை உடைத்துப்போட, வந்த வழியே ஓடியது. பக்கத்து மலைச்சரிவில் செர்வாண்டிஸ் குகை இருக்கிறது. 'டான் குயிக்ஸாட்' எழுதிய ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ், அல்ஜியர்ஸில் கைதியாக இருந்த காலத்தில் தப்பிக்கும் முயற்சியில் ஒளிந்திருந்த இடம் என்று காட்டுகிறார்கள். ஆர்வம் இருந்தால் போகலாம், பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அதைவிட, தோட்டத்துப் பக்கத்திலிருந்தே மேலே போகும் கேபிள் காரைப் பிடியுங்கள். சில நிமிடத்தில் தியாகிகள் நினைவுச்சின்னத்தடியில் இறக்கிவிடும். விடுதலையின் 20-ஆம் ஆண்டுக்காக 1982-ல் கட்டியது, 92 மீட்டர் உயரம். கேபிள் கார் சில நாள் பராமரிப்புக்காக நிற்கும் என்பதால் காலையிலேயே ஓடுகிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மரங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் காலையிலும், மனிதர்களோடு பழக வேண்டும் என்பவர்கள் வெள்ளி மதியத்துக்கு மேலும் போவது நல்லது. என்னைக் கேட்டால் காலையிலேயே போய் மாலை வரை இருங்கள்.