பொருள்: ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’: எது எதை எதிர்க்கிறது?

அன்புடையீர், வணக்கம்.

மூலிகைச் சாறுகளின் மருத்துவப் பண்புகளைச் சோதிக்கும் செய்முறைக் கையேடு ஒன்றை இளநிலை மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிவருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சாறு நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுப்பதை முதல் அதிகாரத்தில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்று எழுதினேன். ஏழாம் அதிகாரத்தில், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைக் குறிக்கவும் அதே தொடர்தான் கைக்கு வந்தது. நேரெதிரான இரண்டு செய்திக்கு ஒரே பெயர் இருந்தால் மாணவர் என்ன செய்வார்? பாக்டீரியா வளர்க்கும் தட்டில், சாறு நனைத்த தாள் வட்டைச் சுற்றி வளர்ச்சியின்றித் தெளிந்து நிற்கும் பகுதியைத் ‘தடை வளையம்’ எனலாமா என்பதையும் தெரிவியுங்கள்.

* * *

வணக்கம். இந்த மயக்கம் நமக்குப் புதிதன்று. ‘புலிகொல் யானை’ என்பது புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? தொல்காப்பியம் இத்தகையதைத் ‘தடுமாறு தொழிற்பெயர்’ என்றது. யானை ஓடுகிறது என்று தொடர் முடிந்தால் கொன்றது யானை, யானையின் கொம்பு வந்தது என்று முடிந்தால் கொன்றது புலி என்று உரைகாரர் தெளிவித்தனர். உங்கள் தொடரிலோ இரண்டாம் வேற்றுமையும் (நுண்ணுயிரை எதிர்ப்பது) ஆறாம் வேற்றுமையும் (நுண்ணுயிரினது எதிர்ப்பு) மயங்குகின்றன. உருபை விரித்தால் மயக்கம் தீரும். ஆனால் கலைச்சொல்லுக்குரிய செறிவு போய்விடும்.

ஆகவே ‘நுண்ணுயிர்முறி’ என்பதை முன்மொழிகிறேன். நஞ்சுமுறி என்னும் வழக்கு நம்மிடம் உண்டு. மேலும் முறி என்றால் தளிர்; ‘முறிமேனி’ என்று குறளே சொல்கிறது. தளிரிலிருந்து எடுத்த மருந்துக்கு வேறு என்ன பெயர் வேண்டும்?

* * *

ஐயா சொன்ன இலக்கணத்தை ஏற்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. நஞ்சுமுறி நஞ்சின் வேலையை முறிக்கிறது. இங்கே எதிரில் இருப்பது உயிருள்ள செல். வேரிலிருந்து எடுத்த சாற்றைத் தளிர் என்பதும் பொருந்தாது. கடன்முறி என்று மட்டுமே முறியை அறிந்த மாணவர் பத்திரப் பதிவை நினைப்பார்.

‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று வேறு சிலர் எழுதுகிறார்கள்; அதுவும் வேண்டாம். வளர்ச்சியை நிறுத்துவது வேறு, கொல்வது வேறு. சாற்றைப் படிப்படியாகப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி இல்லாத மிகக் குறைந்த செறிவைக் கண்டால் அது ‘மீச்சிறு தடைச்செறிவு’. தொடக்கத்தில் இருந்த பாக்டீரியாவில் 99.9 விழுக்காட்டை அழிக்கும் மிகக் குறைந்த செறிவுதான் ‘மீச்சிறு கொல்செறிவு’. முதலிலேயே எல்லாவற்றையும் கொல்லி ஆக்கிவிட்டால் இந்த வேறுபாட்டை எப்படிக் கற்பிப்பது?

‘வளையம்’ என்பதிலும் ஓர் இடர் உண்டு. வட்டு 6 மி.மீ., தெளிந்த பகுதியின் முழு விட்டம் 18 மி.மீ. என்றால் குறிக்கவேண்டியது 18. வளையம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, வட்டின் விளிம்பிலிருந்து பட்டையின் அகலத்தை அளந்து 6 என்று எழுதிய குறிப்பேடுகளை நான் திருத்தியிருக்கிறேன். ‘தடை வட்டம்’ என்றே எழுதுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள பொருள்கள், தட்டில் பாக்டீரியாவை வளர்க்கும் கூழான அகார் ஊடகத்தில் எளிதில் பரவுவதில்லை என்பதால், வட்டம் சிறியதாக இருந்தால் திறனும் குறைவு என்று கொள்ளக்கூடாது என ஒரு வரியும் சேர்த்துவிடுங்கள்.

* * *

பாக்டீரியாவின் பக்கத்துக்குத் ‘தாங்குதிறன்’ என்று வைத்தால் சிக்கல் தீராதா?

* * *

தீராது. தடைச்செறிவு மாறாமலே, கொல்லும் மருந்தில் நெடுநேரம் பிழைத்திருப்பதைத்தான் தாங்குதல் என்கிறோம். தடைச்செறிவே உயர்ந்துவிடுவது வேறு; அதற்கு ‘மருந்தெதிர்ப்பு’ என்பது பலருக்கும் பழகிய சொல்.

* * *

அனைவருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துப் பார்த்தால், சாற்றுக்கு ‘நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன்’, பாக்டீரியாவுக்கு ‘மருந்தெதிர்ப்பு’, அகாரில் ‘தடை வட்டம்’ என்பதற்கே பெரும்பான்மை. வேறு சொல் தேட எனக்கும் நேரமில்லை. இப்படியே அச்சுக்குத் தருகிறேன்.

* * *

தாருங்கள். ஆனால் மருந்தை எதிர்ப்பதும் மருந்தெதிர்ப்பு, மருந்தினது எதிர்ப்பும் மருந்தெதிர்ப்பு. புலிகொல் யானையை முதல் அதிகாரத்திலிருந்து ஏழாம் அதிகாரத்துக்கு ஓட்டிவிட்டிருக்கிறீர்கள். ‘நுண்ணுயிர்முறி’யைச் சொல்லடைவிலாவது சேர்க்க இடமுண்டா?