ஒரே நாளில் மூன்று ஏரிகள், நடுவில் ஒரு கோட்டை: எந்த வரிசையில் போவது?

கரைவழி கேட்டது:
பறவை பார்க்கப் போகிறோம். தெற்கு வடக்காக ஓடும் ஒரே சாலையில் மூன்று ஏரிகள். முதலுக்கும் கடைசிக்கும் 40 கி.மீ. தெற்கு ஏரியில் சாலை மேற்குக் கரையோடு போகிறது. நடு ஏரி சின்னது, சுற்றிலும் மரங்கள். வடக்கு ஏரி பெரியது, பாதி வற்றிச் சேறாகக் கிடக்கிறது, அங்கே சாலை கிழக்குக் கரையில். நடு ஏரியைத் தாண்டியதும் சாலையோரம் ஒரு பழைய கோட்டை. தெற்கிலிருந்து வருவதால் தெற்கு ஏரியில் தொடங்கலாம் என்று நினைக்கிறோம். கையில் 8×42 (8 மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் இரண்டு, 20–60×80 ஸ்கோப் (முக்காலியில் வைக்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி) ஒன்று. உடன் வரும் ஒருவரால் அதிகம் நடக்க முடியாது, காரில் உட்கார்ந்தபடிதான் பார்ப்பார். திட்டம் சரியா?

முக்குளிப்பான்:
தலைகீழாக மாற்றுங்கள். காலையில் மேற்குக் கரையில் நின்றால் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். தண்ணீர் முழுக்கப் பளபளப்பு, வாத்தெல்லாம் கறுப்பு நிழல். ஊசிவால் வாத்தின் நீளக் கழுத்து வேண்டுமானால் அப்போதும் தெரியும், நிறம் எதுவும் தெரியாது. விடியும் முன்பே எங்கும் நிற்காமல் வடக்கு ஏரிக்குப் போய்விடுங்கள். கிழக்குக் கரைச் சாலையில் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் திரும்பும்போது தெற்கு ஏரியின் மேற்குக் கரையிலும் அப்படியே.

இன்னொரு காரணம் அந்தச் சேறு. வெயில் ஏறினால் சேற்றுக்கு மேலே காற்று கொதிக்க ஆரம்பித்துவிடும். கானல் வந்த பிறகு 60 மடங்கில் பார்த்தால் பறவை பெரிதாகத் தெரியாது, கலங்கல்தான் பெரிதாகும். 25, 30 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 80 மி.மீ. ஸ்கோப்பில் 60 மடங்கு வைத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.3 மி.மீ.தான். விடியற்காலை மங்கலில் அதுவும் உதவாது. அந்த நேரத்துக்கு 5.25 மி.மீ. தரும் உங்கள் 8×42 போதும்.

சிறு உள்ளான்களைச் சேற்றின் நடுவில் தேடாதீர்கள். தண்ணீர் முடிந்து ஈரம் தொடங்கும் விளிம்பில், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக ஸ்கோப்பை நகர்த்துங்கள். நெடுங்கால் உள்ளான் இன்னும் உள்ளே, ஆழத்தில் நிற்கும்.

சன்னல்சீட்டு:
முக்குளிப்பான் சொன்ன வரிசையில் இன்னொரு லாபம் இருக்கிறது. காலையில் வடக்கு நோக்கி, மாலையில் தெற்கு நோக்கி. இரண்டு தடவையும் ஏரி உங்களுக்கு இடப்பக்கம். வண்டி இடப்பக்கமாக ஓடும் நாடு என்றால் சாலையைக் கடக்காமல் ஏரி ஓரமாகவே ஒதுக்கலாம். நடக்க முடியாதவரை இடப்பக்க சன்னலில் உட்கார வையுங்கள். வளைவிலும் மதகுப் பாலத்திலும் மட்டும் நிறுத்தாதீர்கள்.

காரே நல்ல மறைவிடம்தான். ஆள் இறங்கி நின்றால் எழும்பிவிடும் பறவை, காருக்குப் பெரும்பாலும் அசையாது. ஆனால் சில விஷயங்கள் கெடுத்துவிடும்:

இன்ஜின் ஓடினால் அதிர்வு ஸ்கோப்பில் அப்படியே தெரியும். அணைத்துவிடுங்கள்.

ஏ.சி. போட்டு வந்து சன்னலைத் திறந்தால் உள்ளே குளிர், வெளியே சூடு. இரண்டும் கலக்கும் இடத்திலேயே படம் நெளியும். பலர் லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைப்பது இதைத்தான். நிறுத்துவதற்குச் சற்று முன்பே ஏ.சி.யை அணைத்து இருபக்கச் சன்னலையும் இறக்குங்கள். மூடிய கண்ணாடி வழியாக ஸ்கோப்பில் பார்க்கவே வேண்டாம்.

முக்காலி காருக்குள் நிற்காது. ஒன்று, ஒன்றரை கிலோ தானியம் போட்டுத் தைத்த துணிப்பையைப் பாதி இறக்கிய கண்ணாடி மேல் வைத்து அதில் ஸ்கோப்பை அழுத்துங்கள். பையை முக்கால்வாசி மட்டும் நிரப்ப வேண்டும். இறுக நிரப்பினால் ஸ்கோப் உருளும்.

பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நெருங்கியது போதும் என்று அர்த்தம்.

காற்றாடி:
வரிசையை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் சூரியனை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பலத்த காற்று மேற்கிலிருந்து வீசினால் வாத்துக்கூட்டம் அலையில்லாத மேற்குக் கரையை ஒட்டி ஒதுங்கும். அப்போது வடக்கு ஏரியில் வெளிச்சம் உங்கள் பக்கம், பறவை அக்கரையில். முந்தின நாளே காற்றின் திசையைப் பாருங்கள். மேற்குக் காற்று என்றால் தெற்கு ஏரிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

நடு ஏரியைக் கோட்டைக்கு முன்பா பின்பா என்று குழம்ப வேண்டாம். வடக்கிலிருந்து இறங்கும்போது கோட்டைதான் முதலில் வரும். வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தை அதற்குக் கொடுங்கள், ஏரியில் எப்படியும் கானல்தான். அங்கேயும் அண்ணாந்து பாருங்கள், தரை சூடேறிக் காற்று மேலெழும் அந்த நேரத்தில்தான் பருந்துகள் வட்டமிடும். மதிலில் பைரி என்ற வேட்டைப்பறவை உட்கார்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதன் பிறகு நடு ஏரி. மர நிழல் விழும் ஓரக் கிளைகளைத் துழாவினால் பகலில் தூங்கும் வக்கா (இராக்கொக்கு) கிடைக்கும். கிளைகளில் கூடுகள் இருந்தால் தள்ளியே நில்லுங்கள்.

கரைவழி:
மூவருக்கும் நன்றி, வடக்கிலிருந்தே தொடங்குகிறோம். தூரத்து வாத்துகளை நிறம் தெரியாமல் பிரிக்க வழி உண்டா? பறவைப் பட்டியல் பதியும் இ-பேர்ட் தளத்தில் நாள் முழுவதற்கும் ஒரே பட்டியல் போடலாமா?

முக்குளிப்பான்:
எழும்பும் விதத்தைப் பாருங்கள். மேலாக மேயும் வாத்துகள் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக எழும்பும். முங்கும் வாத்துகள் தண்ணீர் மேல் ஓடித்தான் எழும்பும், நாமக்கோழியும் அப்படித்தான். ஒன்றையொன்று பின்தொடர்ந்து, அலகைத் தண்ணீரிலேயே வைத்தபடி வட்டமடித்தால் அது தட்டைவாயன். அதற்காக நீங்களாக எழுப்பிவிடாதீர்கள், பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் தானே எழும்பும்.

ஒரே பட்டியல் வேண்டாம். ஏரிக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று. 30 மீட்டருக்குள் நின்றே பார்த்தால் 'நிலையான' வகை. கரையோடு நகர்ந்தால் 'பயண' வகை, அதுவும் 8 கி.மீ.க்குள் இருக்கட்டும். போன வழியிலேயே திரும்பினால் ஒருவழித் தூரத்தை மட்டும் போடுங்கள். பெரிய கூட்டத்தில் முதலில் 50 பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அது ஸ்கோப்பில் எவ்வளவு அகலம் என்று பார்த்துக்கொண்டு, அந்த அகலம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். கூட்டத்தின் நடுப்பகுதியில் நெருக்கம் அதிகம், அங்கே தனியாக ஒரு தடவை 50 எண்ணிச் சரிபாருங்கள்.