புதுப்பிப்பு: ஆயில் குடிக்கும் என்ஜின்

என் வண்டி என்ஜினில் ஆயிரம் கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் ஆயில் காணாமல் போகிறது, கீழே ஒரு சொட்டு ஒழுகல்கூட இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது என்றார்கள் பலரும். ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) குறையும்; அளந்து பார்த்தேன், நான்கு சிலிண்டரிலும் சரியாகவே இருந்தது. (சிலிண்டர் சுவரில் ஆயிலை வழித்தெடுக்கும் ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது என்பது வேறு விஷயம்.)

அப்புறம் பிசிவி வால்வை (என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் பாதைக்கு, அளவாக அனுப்பும் சிறு வால்வு) கழற்றிக் காதருகே குலுக்கினேன். கடகடவென்று ஆட வேண்டும், சத்தமே இல்லை. திறந்தபடியே சிக்கி, ஆயில் ஆவியை இன்டேக்குக்குள் விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அது சொருகியிருந்த குழாய்க்குள் விரலை விட்டால் கருப்பாகப் பிசுபிசுப்பு.

மாற்றி 2000 கிலோமீட்டர் ஆயிற்று. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஒரு நூல் அளவுதான் இறக்கம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் லேசாக நீலப் புகை வருகிறது. அது சிலிண்டர் வால்வுகளில் ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீலாக இருக்கலாம், மெதுவாகப் பார்த்துக்கொள்கிறேன்.