ஏழு பிள்ளைகளோடு சாப்பிட வந்தால் குற்றமா?

செந்தூல் ராஜா (ஞாயிறு, மாலை 4.10)
இன்று மதியம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நல்ல கூட்டம். ஒரு கணவனும் மனைவியும் ஏழு பிள்ளைகளோடு வந்தார்கள். கடைப்பையன் இரண்டு மேசைகளை இழுத்து ஒட்டிப் போட்டான். மூத்த பெண்ணுக்குப் பதினான்கு வயது இருக்கும், கைக்குழந்தை அவள் இடுப்பில். பக்கத்து மேசை அம்மா ஒருவர், காதில் விழட்டும் என்றே, "வீட்ல டிவி இல்ல போல" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தத் தாய் தலை நிமிரவில்லை. அப்பளத்தை நொறுக்கிச் சின்னவன் இலையில் போட்டுக்கொண்டே இருந்தார்.

பில்லை அவர்களே கட்டினார்கள், யாரிடமும் கை நீட்டவில்லை. என் தாத்தா ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர். குவாட்டர்ஸில் ஒன்பது பிள்ளைகள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. நம் சனங்களுக்கு இப்போது என்ன வந்தது?

கெப்போங் காயத்ரி (ஞாயிறு, மாலை 4.52)
சிரித்தது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் ராஜா அண்ணே, தாத்தா காலத்துக் கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். நான் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பாதி பிபிஆர் என்கிற அரசாங்க மலிவு வாடகை அடுக்குமாடியிலிருந்து. மூன்று அறை, ஏறக்குறைய 700 சதுர அடி, வாடகை 124 ரிங்கிட். அதில் ஒன்பது பேர் படுத்தால் எங்கே உட்கார்ந்து படிப்பது? 2018இல் யூனிசெஃப் கோலாலம்பூர், பெட்டாலிங் ஜெயா மலிவு விலை அடுக்குமாடிகளில் ஓர் ஆய்வு செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லை. நகரத்தின் நடுவில்! பெறுவது உரிமை, சரி. வளர்ப்பது?

செந்தூல் ராஜா (ஞாயிறு, மாலை 5.03)
அந்த ஆய்வு வறுமையைப் பற்றியது தங்கச்சி. ஒரே பிள்ளை இருக்கிற வீட்டிலும் மூன்று வேளையும் மேகி போட்டால் பிள்ளை வளராது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்.

பிரிக்பீல்ட்ஸ் வாத்தியார் (ஞாயிறு, மாலை 6.20)
ராஜா பக்கம்தான் நான். 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.9 பிள்ளைகள். 2022இல் 1.6. நம்மவர்களிடையே ஒன்றைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். 1984இல் அரசாங்கமே 2100க்குள் ஏழு கோடி மக்கள் என்று இலக்கு வைத்த நாடு இது. இப்போது 150 பேருக்குக் குறைந்தால் குறைந்த மாணவர் பள்ளி என்கிறார்கள், அந்தப் பட்டியலில் எத்தனை தமிழ்ப்பள்ளிகள் என்று போய்ப் பாருங்கள். ஒன்றாம் ஆண்டில் ஆறு பேர், எட்டுப் பேர் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மேடையில் "இனம் அழிகிறது" என்று முழங்குகிற அதே வாய்தான் கடையில் ஏழு பிள்ளைகளைப் பார்த்தால் சிரிக்கிறது.

கெப்போங் காயத்ரி (ஞாயிறு, மாலை 6.31)
சார், வகுப்பறையில் நாற்காலி காலியாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தி பத்து மாதம் சுமக்க வேண்டுமா? உங்களுக்கு எத்தனை?

பிரிக்பீல்ட்ஸ் வாத்தியார் (ஞாயிறு, மாலை 6.40)
இரண்டு. கேள்வி நியாயம்தான்.

தோட்டத்துப் பெரியவர் (ஞாயிறு, இரவு 8.15)
பேரன்தான் தட்டச்சு செய்கிறான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளில் நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தோம். என் அம்மா எட்டுப் பெற்றாள், ஐந்து தங்கியது. காலையில் பெரியவர்கள் பால்வெட்டுக்குப் போனால் சின்னதுகள் ஆயாக் கொட்டகையில். கொஞ்சம் வளர்ந்ததும் மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்க, வாளி தூக்க. பிள்ளை என்றால் இன்னொரு கை, தோட்டத் துரைக்கும் அதுதான் வசதி. அதனால்தான் யாரும் சிரிக்கவில்லை ராஜா தம்பி. பெருமை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அம்மா எண்ணிக்கை சொல்ல மாட்டாள், கண் பட்டுவிடுமாம். "இருக்கு, நாலஞ்சு" என்பாள். எதிரே நின்று தலையை எண்ணினால் அன்றைக்கு உப்பு மிளகாய் சுற்றிப் போடுவாள்.

ஆறு பிள்ளைக்காரி (ஞாயிறு, இரவு 9.47)
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதிவிடுகிறேன். எனக்கு ஆறு. நானும் வேலைக்குப் போகிறவள். ஒரு கிளினிக்கில் தாதி என் அட்டையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம் விரலை விரித்துக் காட்டினாள். வாடகை வீடு தேடினால் முதல் கேள்வி "இந்தியரா?", அடுத்தது "எத்தனை பேர்?". எட்டு என்றதும் அப்புறம் கூப்பிடுகிறேன் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்கினோம், அதிலும் ஒருத்தர் மிச்சம். கோவிலுக்குப் போனால் இரண்டு நடை.

காயத்ரி, உங்களுக்குத் தெரியுமா, சட்டமும் ஐந்தோடு நிற்கிறது. 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது, எல்லாரும் கைதட்டினோம். ஆனால் ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் இருந்தால் விடுப்பு உண்டு, விடுப்புக் காலப் படி கொடுக்க முதலாளிக்குக் கட்டாயமில்லை. அப்பாவுக்கு ஏழு நாள், அதுவும் ஐந்து பிரசவத்துக்கு மட்டும். அரசாங்கம் வசதி குறைந்தவர்களுக்குக் கொடுக்கிற ரஹ்மா உதவித்தொகைப் பட்டியலிலும் கடைசிக் கட்டம் "ஐந்தும் அதற்கு மேலும்". ஆறாவது பிறந்தபோது என் அலுவலகத்தில் ஒரு காசு தரவில்லை. தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய், பதினொரு மாதம் கழித்துத்தான் வந்தது.

ஏன் ஆறு என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது. ஆசைப்பட்டோம். நாலாவது மட்டும் எதிர்பாராதது. போதுமா?

கெப்போங் காயத்ரி (ஞாயிறு, இரவு 10.05)
அக்கா, படி விஷயம் எனக்குத் தெரியாது. அது அநியாயம். வீட்டு விஷயமும் அநியாயம். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதை நான் திரும்பப் பெறவில்லை.

மூத்தவள் (ஞாயிறு, இரவு 11.30)
எல்லாரும் தாயைப் பற்றிப் பேசுகிறீர்கள், தகப்பனைப் பற்றிப் பேசுகிறீர்கள், தமிழ்ப்பள்ளியைப் பற்றிக்கூடப் பேசுகிறீர்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணை ராஜா அண்ணன் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் எட்டில் மூத்தவள், செகாம்புட்டில் வளர்ந்தேன். மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவானாம். எங்கள் வீட்டில் ஊற்றியது நான். பள்ளி விட்டு வந்ததும் பால் கலக்கி, பின்னல் போட்டு, ஒருத்தன் சட்டையை அலசி, இன்னொருத்தன் வீட்டுப்பாடத்தைப் பார்த்து, என்னுடையதை எடுக்கும்போது மணி பத்தாகிவிடும். ஐந்தாம் படிவத்தோடு, இடைநிலைப் பள்ளியோடு, நின்றேன். தம்பி தங்கைகளில் மூன்று பேர் பட்டதாரிகள். கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து "அக்காதான் எங்களுக்கு அம்மா" என்பார்கள், எல்லாரும் கண்ணைத் துடைப்பார்கள். எனக்கு மட்டும் எரிச்சலாக வரும்.

அப்பா அம்மா மேல் கோபமில்லை, அவர்கள் கெட்டவர்களும் இல்லை. டிவி கேலியைக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும், அது எப்படிச் சுடும் என்று தெரியும். ஆனால் "பெரிய குடும்பம், எவ்வளவு அழகு" என்று பேசுகிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. எனக்கு ஒரே பிள்ளை. அதற்கும் கேட்கிறார்கள், "ஒண்ணோட நிறுத்திட்டியா?" என்று.

ஆறு பிள்ளைக்காரி (ஞாயிறு, இரவு 11.52)
என் பெரியவளுக்குப் பதின்மூன்று. இப்போதுகூடச் சின்னது அவள் பக்கத்தில்தான் தூங்குகிறது. நாங்கள் படுக்கச் சொல்லவில்லை, அதுவாகப் போய் ஒட்டிக்கொள்கிறது... என்று எழுத வந்தேன். சரி, விடுங்கள்.

மூத்தவள் (ஞாயிறு, இரவு 11.58)
அக்கா, உங்களைச் சொல்லவில்லை. ராஜா அண்ணே, ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் சாப்பிட்டாளா?

செந்தூல் ராஜா (திங்கள், காலை 7.05)
யோசித்துப் பார்த்தேன் மா. சோறு வந்த நேரம் குழந்தை அழுதது. அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஐந்தடியில், கடை முன் நடைபாதையில், அங்கும் இங்கும் நடந்தாள். ரசம் ஊற்றும்போதும் வெளியேதான் இருந்தாள். அப்புறம் வந்து சாப்பிட்டிருக்கலாம், நான் கவனிக்கவில்லை. அந்த டிவி அம்மாவை முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் அந்த அம்மா பேசியது தப்புதான்.