பீட்டர் கேப்ரியல் விலகி ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அவரையே கொண்டாடுவது நியாயமா?

சந்தேகப்பிராணி:
இங்கிலாந்தின் ஜெனிசிஸ் ராக் இசைக்குழுவைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் நாலாவது வாக்கியத்தில் யாராவது ஒருவர் "கேப்ரியல் இருந்த காலம் போல வருமா?" என்று பெருமூச்சு விட்டுவிடுகிறார். எனக்கு அலுத்துவிட்டது. 1967-இல் சார்ட்டர்ஹவுஸ் பள்ளி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு இது. கேப்ரியல் அதில் பாடகராக இருந்தது எட்டு ஆண்டுகள். 1975-இல் அவர் போன பிறகு, குழுவின் டிரம்ஸ்காரர் ஃபில் காலின்ஸ் இருபது ஆண்டுகள் முன்னால் நின்று பாடினார். கீபோர்டு வாசித்த டோனி பேங்க்ஸும் கிட்டார் வாசித்த மைக் ரதர்ஃபோர்டும் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை இருந்தார்கள். இசையில் பெரும்பகுதியை இழைத்தவர்களும் அவர்கள்தான். ஆனால் பாசம் எல்லாம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனவருக்கு!

அவர் போனதும் குழு கவிழ்ந்துவிடும் என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதின. நடந்தது என்ன? 1976-இல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' தொகுப்பு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தது. கேப்ரியல் பாடிய 'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்' தொட்ட உயரமும் அதேதான். அவர் பாடிய கடைசித் தொகுப்போ பத்தாம் இடத்தோடு நின்றது. விட்டுப் போனவரைக் கொண்டாடுவது, இருந்து உழைத்தவர்களை அவமதிப்பதுதான் என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

பழைய கேசட்:
வந்துவிட்டேன். விற்பனைப் பட்டியலை வைத்துப் பாசத்தை அளக்கும் தம்பிக்கு என்ன சொல்வது?

கேப்ரியல் இல்லாவிட்டால் அந்தக் குழுவை மேடையில் யார் பார்த்திருப்பார்கள்? மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, வாத்தியத்தை விட்டுக் கண் எடுக்காமல் வாசிப்பவர்கள். ஒரு பாட்டு முடிந்து கிட்டாருக்குச் சுதி கூட்டும் இடைவெளியில் கூட்டம் கலைந்து போகாமலிருக்க அவர்தான் விசித்திரமான கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். 1972-இல் டப்ளினில், கூட இருந்தவர்களுக்கே முன்கூட்டிச் சொல்லாமல், மனைவியின் சிவப்பு உடையை அணிந்து, தலையில் நரித்தலையை மாட்டிக்கொண்டு மேடையேறினார். கூட்டம் வாயடைத்துப் போனது. அடுத்த வாரம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம். அதுவரை இப்படியொரு குழு இருப்பதே பலருக்குத் தெரியாது.

எனக்கு அவர் அறிமுகமானது நண்பர் பதிவுசெய்து தந்த ஒரு கேசட் வழியாக. 'ஃபாக்ஸ்ட்ராட்' தொகுப்பு. அந்தக் கேசட்டின் ஒரு பக்கம் இருபத்திரண்டரை நிமிடம்தான் ஓடும். 'சப்பர்ஸ் ரெடி' மட்டுமே இருபத்துமூன்று நிமிடம். அதற்கு முன்னால் ஒரு சிறிய கிட்டார் துண்டு வேறு. ஆகவே பாட்டு உச்சத்துக்கு ஏறும் நேரத்தில் டேப் தீர்ந்து, 'டக்' என்று பொத்தான் எழும்பிவிடும். அந்த அரைகுறைப் பாட்டிலேயே நான் அந்தக் குரலுக்கு அடிமையானேன். கரகரப்பும் கெஞ்சலும் கிண்டலும் ஒரே மூச்சில் வரும் குரல். அதை விற்பனை எண்ணிக்கையால் எப்படி வெல்வீர்கள்?

தோல்வாத்தியம்:
நான் டிரம்ஸ் வாசிப்பவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடுவீர்கள். ஆனாலும் நீங்கள் இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள்: சண்டை ரசிகர்களிடம்தான் இருக்கிறது, குழுவில் இருந்தவர்களிடம் இல்லை.

1980-இல் கேப்ரியலின் மூன்றாவது தனித்தொகுப்பில் டிரம்ஸ் வாசித்தவர்களில் ஒருவர் யார்? ஃபில் காலின்ஸ். முதல் பாட்டு 'இன்ட்ரூடர்'. சிம்பலை, அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டை, தொடவே கூடாது என்று கேப்ரியல் சொல்லிவிட்டார். டிரம்ஸ்காரனிடம் சிம்பலைப் பறிப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று வாசித்தவனுக்குத்தான் தெரியும். கை தானாக அங்கே போகும். அங்கே ஒன்றும் இருக்காது. லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில், ஒலிப்பதிவு அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் இடையே பேசிக்கொள்வதற்காகத் தொங்கவிட்டிருந்த மைக்கின் வழியாக டிரம்ஸ் ஒலி மிகையாக நசுங்கி வந்தது. அந்த ஒலி பிடித்துப்போய், ஒவ்வோர் அடியும் ஓங்கி எழுந்து, எதிரொலி நீள்வதற்குள் வெட்டுப்பட்டு நிற்பது போல அமைத்தார்கள். பொறியாளர் ஹியூ பாட்கம். அடுத்த ஆண்டு அதே ஒலிதான் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பாட்டில் வந்து விழுந்தது. பிறகு எண்பதுகள் முழுக்க உலகம் எங்கும் அந்த 'தடார்' சத்தம்.

போனவர் வீட்டில், இருந்தவர் வாசித்ததால் பிறந்த ஒலி அது. இதில் யார் துரோகி, யார் தியாகி?

கோவைக்காரி:
கேசட் ஐயா எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கோபிக்காதீர்கள். உங்கள் கேசட்டில் இல்லாத அந்தக் கடைசி இரண்டு நிமிடத்தைத்தான் இத்தனை ஆண்டுகளாக நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கேப்ரியல்மீது உங்களுக்கு இருக்கும் பாசமும் அதே வகைதான். பாதியில் நின்றுபோனது எப்போதும் முழுமையை விட அழகாகத் தெரியும்.

நான் ஜெனிசிஸுக்குள் நுழைந்தது 'இன்விசிபிள் டச்' வழியாக. இதைச் சொன்ன உடனே பழைய ரசிகர்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவளைப் பார்ப்பது போல! ஏன்? 1986 ஜூலையில் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அங்கே அந்தக் குழுவுக்குக் கிடைத்த ஒரே முதலிடம் அது. அடுத்த வாரமே அதைக் கீழே தள்ளி மேலே வந்தது எது தெரியுமா? கேப்ரியலின் 'ஸ்லெட்ஜ்ஹாமர்'. வணிகத்துக்கு விலைபோய்விட்டார்கள் என்று குழுவைத் திட்டுபவர்கள், அதே கோடையில் அதே கடையில் அதே சரக்கை விற்ற கேப்ரியலைக் கலைஞர் என்கிறார்கள். என்ன கணக்கு இது?

இன்னொரு கேள்வி. குழுவில் கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹாக்கெட்டும் 1977-இல் விட்டுப் போனவர்தான். அந்தப் பழைய பாட்டுகளை ஊர் ஊராக எடுத்துச் சென்று, ஒரு சுரம் குறையாமல் இன்றும் வாசிப்பவர் அவர். கேப்ரியலோ அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் பாசம் பாட்டுகளின் மீது என்றால் அது ஹாக்கெட்டுக்கு அல்லவா போக வேண்டும்? திரும்பி வராதவருக்கே ஏன் போகிறது?

பழைய கேசட்:
அம்மா, ஹாக்கெட்டை நான் மதிக்கிறேன். மதிப்பு வேறு, பாசம் வேறு.

கேப்ரியல் வெளியேறியதன் பின்னணியையும் பாருங்கள். 1974 கோடையில் 'தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' உருவாகிக்கொண்டிருந்தபோது அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் சிக்கல், குழந்தை பிழைக்குமா என்ற நிலை. மருத்துவமனைக்கும் இசைப் பணிக்கும் இடையே அலைந்தார். குழுவினருக்கு அந்த வேதனையின் கனம் அப்போது புரியவில்லை என்று பின்னாளில் அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நவம்பரில் சுற்றுப்பயணம் தொடங்கிய முதல் வாரத்திலேயே, கிளீவ்லேண்டில், விலகுவதாகச் சொல்லிவிட்டார். அதோடு நின்றாரா? 1975 மே மாதம் வரை நாடு நாடாகப் போய், முழு இரட்டைத் தொகுப்பையும் ஒவ்வோர் இரவும் பாடினார். அந்தத் தொகுப்பில் வரும் ஸ்லிப்பர்மேன் என்ற பாத்திரத்தின் வேடத்தில் உடம்பெல்லாம் கொப்புளம் போன்ற ரப்பர் உருண்டைகள். மைக்கை வாயருகே கொண்டுபோகவே முடியாது. எதிரில் இருந்த ஒருவருக்கும் இது பிரிவு உபசாரம் என்று தெரியாது. போகிறவர் இப்படிப் போனால் பாசம் வராமல் என்ன செய்யும்?

ஆகஸ்டில் பத்திரிகைகளுக்கு எழுதிய கடிதத்திலும் யாரையும் குறை சொல்லவில்லை. பாட்டெழுதுவதற்காக நாங்கள் கட்டிய வண்டியே எங்களுக்கு எசமானாகிவிட்டது என்ற பொருளில்தான் எழுதினார்.

சந்தேகப்பிராணி:
அழகான கடிதம். ஆனால் அந்த வண்டியைக் கடனோடு மற்ற நால்வர் தலையில் கட்டிவிட்டுத்தானே போனார்? 'லேம்ப்' சுற்றுப்பயணம் அவர்களுக்கு லாபம் தரவில்லை. புதுப் பாடகரைத் தேடிக் குரல் தேர்வு நடத்திச் சலித்துப்போய், கடைசியில் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த மனிதரை முன்னால் நிறுத்தினார்கள்.

கொஞ்சம் 1982-க்கு வாருங்கள். கேப்ரியல் உலக இசைகளை ஒரே மேடையில் சேர்க்கும் 'வோமாட்' விழாவை ஷெப்டன் மாலெட்டில் நடத்தினார். பெரும் நட்டம். கடன்காரர்கள் மிரட்டினார்கள். அப்போது கை கொடுத்தது யார்? அவர் உதறிவிட்டுப் போன அதே குழு. அக்டோபர் 2 அன்று மில்டன் கீன்ஸ் திறந்தவெளியில் ஒரே ஓர் இரவு சேர்ந்து வாசித்து, பணத்தை அவர் கடனுக்குக் கொடுத்தார்கள். இந்தக் கதையில் பாசத்துக்கு உரியவர் யார்? நீங்களே சொல்லுங்கள்.

பழைய கேசட்:
அந்தக் கதையில் நீங்கள் விட்டுவிட்ட பகுதியைச் சொல்கிறேன். அன்று கொட்டும் மழை. சேறு. அத்தனை கூட்டமும் நனைந்துகொண்டே நின்றது. கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கி வந்தார்கள். அதிலிருந்து எழுந்து பாடினார். ரசிகர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்து, அதையே வேடிக்கையாக்கிய மனிதர் அவர். அந்தக் கூட்டம் பழைய குழுவுக்காக மட்டுமா மழையில் நின்றது?

தோல்வாத்தியம்:
ஹாக்கெட்டும் அன்று கடைசிப் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்துகொண்டார். யாரும் அதைச் சொல்வதில்லை. கோவைக்காரி சொன்னதற்கு இதுவே சாட்சி.

வடமராட்சி:
நடுவில் வருவதற்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவு நேரமும் 'விட்டுப்போனதால் என்ன போயிற்று' என்றே கதைக்கிறீர்கள். வந்ததைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

1989-இல் கேப்ரியல் 'பேஷன்' என்ற தொகுப்பை வெளியிட்டார். ஒரு திரைப்படத்துக்காகச் செய்த இசை. அதில் இரட்டை வயலின் வாசித்துப் பாடியும் இருப்பவர் எல். சங்கர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் லக்ஷ்மிநாராயணா எங்கள் ஊரில் சங்கீதம் படிப்பித்தவர். நுஸ்ரத் ஃபதே அலி கானின் குரலும், செனகல் நாட்டு யூசு என்டோரின் குரலும் அதே தொகுப்பில் உண்டு. கேப்ரியல் ஜெனிசிஸிலேயே இருந்திருந்தால் நரித்தலையும் பூத்தலையும் மாட்டிக்கொண்டு இன்னும் பத்து வருடம் ஓட்டியிருப்பார். சங்கரின் வயலின் அந்த வாசலுக்குள் நுழைந்திருக்குமா? எனக்குக் கேப்ரியல் மேல் இருக்கிற பாசம் அவர் விலகியதால் வந்தது. விலகியும் கெட்டுப்போகவில்லை என்பதற்காக அல்ல. விலகியபடியால்தான் அவர் எங்கள் பக்கம் வந்தார்.

கோவைக்காரி:
வடமராட்சி அண்ணா, இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கவனியுங்கள், நீங்கள் நேசிப்பது விலகிய பிறகு அவர் செய்ததை. கேசட் ஐயாவும் அவர் கூட்டமும் நேசிப்பது விலகும் முன் இருந்தவரை. அந்தப் பழைய மனிதரை மறுபடி மேடையில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களின் தீராத கேட்பு. 2004-இல் ஐவரும் கிளாஸ்கோவில் கூடி, 'லேம்ப்' தொகுப்பை மீண்டும் மேடையேற்றலாமா என்று பேசினார்கள். கேப்ரியல் பிடி கொடுக்கவில்லை. 2007-இல் காலின்ஸ், பேங்க்ஸ், ரதர்ஃபோர்ட் மூவராகவே சுற்றுப்பயணம் புறப்பட்டார்கள். 2010-இல் நியூயார்க்கில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவித்தபோதும் மற்ற நால்வர் வந்தார்கள், அவர் ஒத்திகை இருக்கிறது என்று வரவில்லை. ஒவ்வொரு முறை அவர் மறுத்தபோதும் அவர்மீது பாசம் கூடியதே தவிரக் குறையவில்லை. இதே மறுப்பைக் காலின்ஸ் செய்திருந்தால் திமிர் என்றிருப்பீர்கள்.

பழைய கேசட்:
2022 மார்ச் 26-ஐ விட்டுவிட்டீர்களே. லண்டன் ஓ2 அரங்கில் குழுவின் கடைசி நிகழ்ச்சி. காலின்ஸால் நின்று பாட முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். டிரம்ஸில் அவர் மகன் நிக். அன்று கேப்ரியல் மேடையில் அல்ல, பார்வையாளர் இருக்கையில் இருந்தார். காலின்ஸே மேடையிலிருந்து அதைச் சொல்லி, 'சப்பர்ஸ் ரெடி' பாடச் சொல்லிக் கத்துவது ஒருவேளை பீட்டர்தானோ என்று கேலி செய்தார். வராதவர் என்கிறீர்கள். வர வேண்டிய நாளில் வந்தார்.

சந்தேகப்பிராணி:
உட்கார்ந்து பார்த்தார், ஐயா! முதுகு நொறுங்கிய நிலையிலும் கடைசி நாள் வரை பாடி முடித்தவர் அந்த நாற்காலியில் இருந்தார். அந்த இரவிலும் உங்கள் கண் பார்வையாளர் வரிசையைத் தேடுகிறது பாருங்கள். நான் முதல் பதிவில் எழுதியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்கே கிடைத்திருக்காது.

பழைய கேசட்:
தேடத்தான் செய்யும். முதலில் கேட்ட குரல் அது.

புதியவன்:
இருவர் பாட்டையும் இதுவரை கேட்டதில்லை. எதில் தொடங்கலாம்?

பழைய கேசட்:
'ஃபாக்ஸ்ட்ராட்'. முழுதாகக் கேளுங்கள்.

கோவைக்காரி:
முதல் நாளே இருபத்துமூன்று நிமிடப் பாட்டைக் கொடுத்து ஆளைத் துரத்தாதீர்கள். 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' போதும்.

தோல்வாத்தியம்:
'செல்லிங் இங்கிலாந்து பை தி பவுண்ட்', 1973. கேப்ரியல் பாடுவது; ஆனால் 'மோர் ஃபூல் மீ' என்ற பாட்டில் மட்டும் காலின்ஸ் முன்னால் வருவார். ஒரே தொகுப்பில் இருவரும் கிடைப்பார்கள்.

பழைய கேசட்:
அந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விடலாம், தம்பி. நட்டமில்லை.

சந்தேகப்பிராணி:
தாண்டச் சொல்பவரின் பரிந்துரை எதையும் நம்பாதீர்கள்.