வள்ளி திருமணம்: வேடன்–வள்ளி தர்க்கப் பாட்டு, மேடை அனுபவங்கள்

ஆர்மோனியக்காரர்:

தனித்தனியாக அமர்த்தப்பட்ட நடிகர்கள் ஒரு ராத்திரிக்குச் சேர்ந்து நடிப்பதுதான் ஸ்பெஷல் நாடகம். அதற்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (கதாநாயகன்) ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் (கதாநாயகி) வேறோர் ஊரிலிருந்தும் வந்து இறங்கி, அன்று ராத்திரியே வேடனும் வள்ளியுமாக நிற்பார்கள். நாடகம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டு இருவருக்கும் மனப்பாடம், அதனால் கதை தடுமாறாது. தடுமாறுவது சுருதிதான். மேக்கப் போடும்போதே அதைப் பேசி முடித்துவிட வேண்டும்.

மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் உச்ச சுருதியில் பாடினார்கள். நாடக நடிகர்கள் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பேர் வாங்கியது அந்தச் சாரீரத்தால். இன்று எல்லா ராஜபார்ட்டுக்கும் அது வாய்ப்பதில்லை. சுருதியின் உயரத்தை ஆர்மோனியக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். ராஜபார்ட் ஒன்றரைக் கட்டை, வள்ளி நாலரைக் கட்டை என்றால் கவலையே வேண்டாம். ஒன்றரையின் மத்திமம்தான் (ம) நாலரையின் ஸட்ஜம் (ஆதார சுரமான ஸ). வேடனுக்கு ஸட்ஜமாகப் பிடித்திருக்கும் விரலை எடுக்காதீர்கள். வள்ளி எடுக்கும்போது அதுவே மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப) ஆகிவிடும். பஞ்சமத்தில் இருக்கும் விரலை மட்டும் கீழே உள்ள அடுத்த கறுப்புக் கட்டைக்கு இறக்கினால் போதும். ஒன்று–நாலு, இரண்டு–ஐந்து ஜோடிகளுக்கும் இதே கணக்குதான், இறக்குவது மட்டும் அடுத்த வெள்ளைக் கட்டைக்கு. இரண்டும் ஐந்தரையும் சேர்ந்தால் மட்டும் ஒட்டவே ஒட்டாது. அங்கே வள்ளியை அரைக் கட்டை இறங்கச் சொல்லுங்கள்.

விரலை மாற்றும் இடம் முக்கியம். வேடன் பாடி முடித்து வசனம் பேசுகிற நாலைந்து வரிக்குள் மாற்றிவிட வேண்டும். வள்ளி வாய் திறந்த பிறகு மாற்றினால், முதல் வரி முழுக்க அவள் சுருதியைத் தேடிக்கொண்டிருப்பாள்.

மிருதங்கக்காரர்:

அண்ணன் சொன்ன ஜோடிகளுக்கு வலந்தலையை (மிருதங்கத்தின் வலப்பக்கத்தை) ராஜபார்ட்டின் ஸட்ஜத்தில் சேருங்கள். வள்ளி பாடும்போது அது பஞ்சமமாகக் கேட்கும், உறுத்தாது. வள்ளியின் ஸட்ஜத்தில் சேர்த்தால் வேடனுக்கு அது மத்திமம். ஆர்மோனியத்தில் பஞ்சமம் நிற்கும்போது இது பக்கத்தில் முட்டிக்கொண்டே இருக்கும். பின்னிரவுப் பனியில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். தர்க்கம் தொடங்குமுன், பபூன் (கோமாளி) பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு தடவை தட்டி ஏற்றிவிடுங்கள். தாளமில்லாமல் பாடும் விருத்தத்தில் மிருதங்கத்தில் கை வைக்க வேண்டாம்.

ஸ்திரீபார்ட்:

சுருதி சரியாக இருந்தும் காட்சி விழுவதுண்டு. அதற்குக் காரணம் வள்ளி சீக்கிரம் சிரித்துவிடுவது. வேடன் மானைத் தேடி வந்ததாகச் சொல்கிறான். கண்ணையும் நடையையும் வர்ணிக்கிறான். அந்த மான் வள்ளிதான் என்று சபைக்கு முதலில் புரிய வேண்டும், வள்ளிக்குக் கடைசியில். அதுவரை வள்ளி கையிலிருக்கும் கவணைக் கீழே வைக்கக் கூடாது. கவண் கீழே போனாலே அவள் சம்மதித்துவிட்டாள் என்று சபை எடுத்துக்கொள்ளும், அப்புறம் என்ன தர்க்கம் செய்தாலும் எடுபடாது.

பதில் எடுக்கும்போது வேடன் விட்ட கடைசிச் சொல்லையே பிடித்துத் தொடங்குவது நல்லது. முன்பின் பழகாத ஜோடிக்கு இதுதான் கயிறு. ஆனால் ஆர்மோனியப் பின்பாட்டு அந்த வரியைத் திருப்பிப் பாடி முடிக்கட்டும். அதற்குள் பாய்ந்தால் இரண்டு பேர் சொல்லும் காற்றோடு போகும்.

இன்னொன்று, கைதட்டலைக் கேட்டுத் தர்க்கத்தை நீட்டாதீர்கள். தேனும் தினைமாவும் கேட்டு வரும் விருத்தன் (கிழவன்) காட்சி பின்னால் இருக்கிறது, யானை வர வேண்டும், விடியுமுன் கல்யாணமும் முடிய வேண்டும். எந்தப் பாட்டோடு நிறுத்துவது என்று முன்பே பேசிவையுங்கள். ஆர்மோனியத்தில் அந்தப் பல்லவி வந்ததும், யார் பக்கம் வாதம் நின்றாலும், இருவரும் அதற்குப் போய்விட வேண்டும்.