பையன் போட்டது தப்பாம், ஆனா பெருக்கிப் பாத்தா சரியா வருதே? (72, 72, 70 கட்டம்)

யாங்கோன்_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். கணக்கு தெரிஞ்சவங்க யாராவது இத கொஞ்சம் பாத்து சொல்லுங்க, நேத்து ராத்திரிலேருந்து மண்டைக்குள்ள இதான் ஓடிக்கிட்டு கெடக்கு. என் பையன் நாலாங் கிளாஸ், சாயங்காலம் டியூஷன் போறான், அங்க சயாமா (பர்மீஸ்ல டீச்சரம்மா) வாரத்துக்கு ஒரு கட்டத் தாள் குடுக்குறாங்க. மூணுக்கு மூணு கட்டம். 1லேருந்து 9 வரைக்கும் எல்லா நம்பரும் வரணும், எதுவும் ரெண்டு தடவ வரக்கூடாது. குறுக்க இருக்குற மூணையும் பெருக்குனா வலது ஓரத்துல எழுதியிருக்குற நம்பர் வரணும், நெடுக்க பெருக்குனா அடியில எழுதியிருக்குறது வரணும். அவ்ளோதான் விதி.

இந்த வாரம் குறுக்குக்கு மேலேருந்து 72, 72, 70. நெடுக்குக்கு இடதுலேருந்து 180, 42, 48.

இவன் போட்டது

4 6 3
9 1 8
5 7 2

சயாமா வெச்சிருக்குற விடைத் தாள்ல இருக்குறது

9 1 8
4 6 3
5 7 2

மேல ரெண்டு வரிசையையும் சேத்து சிவப்பு மையில ஒரே அடி. வீட்டுக்கு வந்து சோறு வேணாம்னு சுவத்தப் பாத்துப் படுத்துட்டான். அந்த நேரம் பாத்து கரண்டும் இல்ல, நான் மெழுகுவத்திய வெச்சுக்கிட்டு போன்ல ஒவ்வொண்ணா பெருக்கிப் பாத்தேன், 4×6×3 போட்டா 72 வருது, 9×1×8 போட்டாலும் 72 வருது, நெடுக்கயும் 180, 42, 48ன்னு சரியா நிக்குது. அப்ப இவன் போட்டது எப்படிங்க தப்பாகும்? நான் படிச்சது எட்டாவது வரைக்குந்தான், நேரா போயி கேட்டா சயாமாவுக்கு மரியாதக் குறைவா போயிடுமோன்னும் பயமா இருக்கு.

இன்னொண்ணு, இவன் ஒவ்வொரு நம்பரா போட்டு அழிச்சு போட்டு அழிச்சு தாளே ஓட்டையாப் போச்சு. இதுக்கு ஏதாவது ஒழுங்கான வழி இருக்கா, இல்ல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்களா?

பெகு_தம்பி:

அக்கா இந்த மாதிரி புதிருக்கெல்லாம் ஒரே ஒரு விடைதான் இருக்கும், சுடோகு மாதிரி. விடைத் தாள்ல இருக்குறதுதான் கணக்கு. நானும் இப்ப டீக்கடைல உக்காந்து டிஷ்யூ பேப்பர்ல போட்டுப் பாத்தேன், 180ல 5 போனா 36, அதுக்கு 6ம் 6ம் போடலாம், அதுக்கப்புறம் எனக்கு வரல. பையன் எங்கயோ ஒரு விதிய விட்டிருப்பான்னு நெனைக்கிறேன்.

மோல்மேன்_பெரியவர்:

தம்பி, 6ம் 6ம் போட்டா விதிய விட்டது நீதான். எந்த நம்பரும் ரெண்டு தடவ வரக்கூடாதுன்னு அந்தம்மா முதல்லயே எழுதியிருக்காங்களே.

தாயி, உன் பையன் போட்டது சரி. ரெண்டாவது கேள்வியிலேருந்து ஆரம்பிக்கிறேன், அதுலயே முதல் கேள்விக்கும் பதில் வந்துடும்.

முதல்ல 5ஐயும் 7ஐயும் புடிக்கணும். 1லேருந்து 9க்குள்ள 5ஆல வகுபடுறது 5 ஒண்ணுதான், 7ஆல வகுபடுறது 7 ஒண்ணுதான், அதனால இது ரெண்டும் எங்கயும் ஒளிய முடியாது. குறுக்குல 5ஆல வகுபடுறது 70 மட்டும், நெடுக்குல 180 மட்டும், ரெண்டும் சந்திக்கிற கட்டம் கீழ இடது மூலை, அங்க 5. 7க்கும் அதே மாதிரி, குறுக்குல 70, நெடுக்குல 42, கீழ நடுக் கட்டம். எந்தத் தாளா இருந்தாலும் இந்த ரெண்டு நம்பரையும் ரப்பரத் தொடாம போட்டுடலாம். இப்ப 70ல 5ம் 7ம் போனா மிச்சம் 2, கீழ வரிசை முடிஞ்சுது.

அடுத்து நெடுக்க வாங்க. 180ஐ 5ஆல வகுத்தா 36, ரெண்டு நம்பர் பெருக்கி 36ன்னா 4×9 இல்லன்னா 6×6, தம்பி விழுந்த பள்ளம் இதுதான், 6×6 ஆகாது, அப்ப 4ம் 9ம். 42ஐ 7ஆல வகுத்தா 6, அது 1×6 இல்லன்னா 2×3, 2 ஏற்கனவே கீழ போயிடுச்சு, அப்ப 1ம் 6ம். 48ஐ 2ஆல வகுத்தா 24, அது 3×8 இல்லன்னா 4×6, 4ம் 6ம் வேற பக்கம் போயாச்சு, அப்ப 3ம் 8ம். ஒவ்வொரு நெடுக்குலயும் எந்த ரெண்டு நம்பர்னு தெரிஞ்சு போச்சு, எது மேல எது கீழன்னு மட்டுந்தான் பாக்கி.

9 இருக்குற வரிசையப் பாருங்க. 72ஐ 9ஆல வகுத்தா 8, பக்கத்துல 1ம் 8ம் வந்தாத்தான் அது நடக்கும், 6ம் 3ம் வந்தா 162 ஆயிடும். ஆக 9, 1, 8 ஒரு வரிசை, 4, 6, 3 இன்னொரு வரிசை. இதுல எது மேல? மேலயும் 72, அடுத்ததும் 72, ரெண்டு வரிசையும் இடம் மாறி உக்காந்தாலும் நெடுக்க ஒண்ணும் ஆகாது, 9×4ம் 36, 4×9ம் 36. தாள்ல வேற துப்பே கெடையாது. இந்தக் கட்டத்துக்கு ரெண்டு விடை, ரெண்டும் சரி. தப்பு தாளப் போட்டவன் மேல, சயாமா மேலகூட இல்ல, அவங்க எங்கயோ கெடச்சத எடுத்துக் குடுத்திருப்பாங்க.

எங்கப்பா ரங்கூன் முகல் தெருவுல ஒரு கிட்டங்கில, அதான் செட்டியார் வட்டிக் கடைல, பெட்டியடிப் பையனா இருந்தவரு. குறுக்க கூட்டுனதும் நெடுக்க கூட்டுனதும் ஒத்து வரலைன்னா ராத்திரி சோறு எறங்காதும்பாரு. உன் பையனுக்கு ஒத்து வந்துச்சுல்ல, எழுப்பி சோறு போடு.

பெகு_தம்பி:

ஐயா தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம், ரெண்டு வரிசைக்கு ஒரே நம்பர் இருந்தா ரெண்டு விடை வரும், புரியுது. அப்ப ஆறு நம்பரும் வேற வேறயா இருந்தா ஒரே விடைதான்னு நம்பிக்கலாமா?

தட்டோன்_டீச்சர்:

நம்பாதீங்க தம்பி. ஞாயித்துக்கிழமை கோயில்ல நான் எடுக்குற தமிழ் வகுப்புல கடைசி அர மணி நேரம் பசங்களுக்கு இந்தக் கட்டந்தான். ஒரு தடவ நானே சொந்தமா போட்டு எடுத்துட்டுப் போனேன், குறுக்கு 60, 84, 72, நெடுக்கு 6, 192, 315. ஆறும் வேற வேறதான். வகுப்புல ஒரு பொண்ணு ஒரு விடை காட்டுது, பக்கத்து பெஞ்சுல ஒருத்தன் வேற விடை காட்டுறான், ரெண்டு பேரும் சண்டைக்கு நிக்கிறாங்க, பெருக்கிப் பாத்தா ரெண்டுமே சரி, எனக்கு முகத்த எங்க வெச்சுக்குறதுன்னே தெரியல.

2 6 5
3 4 7
1 8 9

இது ஒண்ணு.

3 4 5
2 6 7
1 8 9

இது இன்னொண்ணு. என்ன நடக்குதுன்னா 2×6ம் 12, 3×4ம் 12. மேல வரிசைல இருந்த 2, 6 கீழ எறங்குது, கீழ இருந்த 3, 4 மேல ஏறுது, குறுக்குப் பெருக்கல் மாறல, நெடுக்குல அதே ரெண்டு நம்பர் மேல கீழ மாறுனதால அதுவும் மாறல. இந்த மாதிரி ஜோடி இன்னும் இருக்கு, 1×6ம் 2×3ம், 1×8ம் 2×4ம், 2×9ம் 3×6ம், 3×8ம் 4×6ம். கட்டம் போடுறவங்க இந்த ஜோடி ஒண்ணுக்கு அடியில ஒண்ணா வந்து உக்காந்திருக்கான்னு பாக்கணும். உக்காந்திருந்தா ரெண்டு விடை கண்டிப்பா. நான் இப்பல்லாம் சந்தேகமா இருந்தா ஒரு கட்டத்துல நம்பர நானே எழுதிக் குடுத்துடுறேன். உங்க பையன் தாள்லயும் மேல இடது மூலைல 9ன்னு அச்சடிச்சிருந்தா இந்த வம்பே இல்ல.

அக்கா, சயாமா கிட்ட தப்புன்னு ஆரம்பிக்காதீங்க. இவன் போட்டதும் பெருக்குனா வருதுங்களே, எனக்குப் புரியல, கொஞ்சம் சொல்லித் தாங்கன்னு தாள நீட்டுங்க. அவங்களே பெருக்கிப் பாத்துப்பாங்க. நான் டீச்சர், எனக்குத் தெரியும், யாராவது தப்புன்னு சொன்னா எங்களுக்கு காது அடைச்சுக்கும்.

வியாசர்பாடி_பேரன்:

சென்னைலேருந்து எழுதுறேன், தாத்தா பாட்டி ரங்கூன்லேருந்து கப்பல்ல வந்தவங்க, அதனால அப்பப்ப இங்க எட்டிப் பாப்பேன். பெகு தம்பி 6ம் 6ம் போட்டதுக்கு ஒரு நியாயம் இருக்குன்னு நெனைக்கிறேன், அவர் கென்கென்ங்குற நம்பர் புதிர் ஆடுறவரா இருப்பாரு. அது 2004ல ஜப்பான்ல மியாமோட்டோ டெட்சுயான்னு ஒரு கணக்கு வாத்தியார் பசங்களுக்காக பண்ணுனது. அதுல ஒவ்வொரு குறுக்குலயும் நெடுக்குலயும் நம்பர் திரும்ப வரக்கூடாது, ஆனா தடிச்ச கோடு போட்ட கூண்டு வளைஞ்சு போச்சுன்னா கூண்டுக்குள்ள ஒரே நம்பர் ரெண்டு தடவ வரலாம், அங்க 6ம் 6ம் செல்லும். இந்தக் கட்டம் வேற, இங்க மொத்தத்துக்கும் ஒரு தடவதான்.

நிக்க. எனக்கும் ஒண்ணு மாட்டிக்கிட்டு இருக்கு, தங்கச்சி மக நோட்டுல கையால எழுதிட்டு வந்தது. குறுக்கு 40, 48, 108. நெடுக்கு 105, 54, 64. மோல்மேன் ஐயா சொன்ன மாதிரி 7ஐத் தேடுனேன், நெடுக்குல 105ல இருக்கு, குறுக்குல எங்கயுமே இல்ல. ரெண்டு நாளா முட்டிக்கிட்டு இருக்கேன்.

மோல்மேன்_பெரியவர்:

முட்டாதப்பா, தாள் தப்பு. நீயே கண்டுபுடிச்சிட்ட, நெடுக்குல 7 இருந்து குறுக்குல இல்லன்னா எங்கயோ எழுத்து மாறியிருக்கு.

எது சரியான நம்பர்னும் கண்டுபுடிக்கலாம். 1லேருந்து 9 வரைக்கும் எல்லாத்தையும் பெருக்குனா 362880. குறுக்கு மூணையும் பெருக்குனாலும் அதுதான் வரணும், நெடுக்கு மூணையும் பெருக்குனாலும் அதுதான், ஏன்னா ரெண்டு வழியிலயும் அதே ஒம்பது நம்பரத்தான பெருக்குறோம். 105×54×64 போட்டுப் பாரு, 362880 சரியா வரும், நெடுக்குல குத்தமில்ல. குறுக்குல 7 இல்லாததால மூணுல ஒண்ணு தப்பு. 40ம் 108ம் சரின்னு வெச்சுக்கிட்டா 40×108 = 4320. 362880ஐ அதால வகுத்தா 84. பாப்பா 84ஐ 48ன்னு திருப்பி எழுதிட்டு வந்திருக்கு.

வியாசர்பாடி_பேரன்:

ஐயோ ஐயா!! ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. 105ன்னா 3, 5, 7 தவிர வேற வழியில்ல, 64ன்னா 2, 4, 8 தவிர வேற வழியில்ல, மிச்சம் 1, 6, 9 நடுவுல. 40ல 5 போனா 8, நடுவுலேருந்து 1, ஓரத்துலேருந்து 8. 84ல 7 போனா 12, 6ம் 2ம். மிச்சம் 3, 9, 4, பெருக்குனா 108. இத 48ன்னு வெச்சுக்கிட்டு ரெண்டு நாள் என்ன பண்ணிட்டு இருந்தேன் நான்.

யாங்கோன்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீச்சரக்கா சொன்ன மாதிரியே போயி தாள நீட்டுனேன். சயாமா கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு விடைத் தாளயும் இவன் தாளயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு விரலால தொட்டுத் தொட்டு அலீ சொல்லிப் பாத்தாங்க (சென்னைத் தம்பிக்காக சொல்றேன், இங்க பர்மீஸ்ல வாய்ப்பாட்ட அலீன்னுதான் சொல்லுவோம்). ரெண்டு தடவ பாத்தாங்க. அப்புறம் சிரிச்சிட்டு அந்த சிவப்பு அடிக்குப் பக்கத்துலயே மன்டேன்னு எழுதிக் குடுத்தாங்க, சரின்னு அர்த்தம். பையன் அந்தத் தாள மடிக்கவே விடல, கையில விரிச்சுப் புடிச்சுக்கிட்டே வந்தான், பஸ்ல கூட.

மோல்மேன் ஐயா, நீங்க எழுதுனத அவனுக்குப் படிச்சுக் காட்டுனேன், தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். இப்ப ரப்பரத் தொடுறதே இல்ல, முதல்ல 5, அப்புறம் 7ன்னு பாட்டி கிட்ட போயி பாடம் எடுக்குறான், பாட்டி பதிலுக்கு மாகாணி வாய்ப்பாடு (பதினாறுல ஒரு பங்கு, பழைய கணக்கு) சொல்லுன்னு மெரட்டுறாங்க, ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சு.

நேத்து அவனே ஒரு கட்டம் போட்டு எனக்குக் குடுத்திருக்கான். குறுக்கு 36, 240, 42. நெடுக்கு 48, 315, 24. டீச்சரக்கா சொன்ன ஜோடியெல்லாம் பாத்துட்டானாம், ஒரே விடைதானாம், சத்தியம் பண்றான். நான் இன்னும் போடல, துவைக்கிற வேல இருக்கு, ராத்திரி உக்காருவேன். யாரும் விடைய இங்க எழுதிடாதீங்க.

பெகு_தம்பி:

அக்கா நடுவுல 5தான?

யாங்கோன்_அம்மா:

தம்பி!!